ரிசல்ட் வரவில்லை, அதனால் ஆராய்ச்சியே வராது என்று நினைத்துக்கொண்டேன்

பிஎச்டி இரண்டாம் ஆண்டின் பாதியில் "நமக்கு ஆராய்ச்சி வராது" என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. நானே கேள்வி கேட்டு, நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். அந்தத் தீர்ப்போடு ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஓடியது. கூடவே, இரண்டு மாத உதவித்தொகை அளவுக்குப் பணமும் போனது. அப்போது எனக்குத் தெரியாமல் இருந்த சில விஷயங்கள் ஒன்றும் பரம ரகசியங்கள் இல்லை. துறையில் பழுத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆனால் புதிதாக வந்தவர்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. என் துறை சோதனை உளவியல். வேறு துறையில் இருப்பவர்கள் விவரங்களை மாற்றிப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

முதுகலை வரை நான் நன்றாகப் படித்த ஆள்தான். அதுதான் முதல் சிக்கலே. தேர்வில் ஒரு கேள்வி வருகிறது என்றால் அதற்கு விடை எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். கேள்வி தயாரித்தவருக்கு அது தெரியும். உழைத்தால் நமக்கும் கிடைக்கும். ஆராய்ச்சியில் நாம் தேடும் விடை இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது. நான் உழைத்த அளவுக்குப் பலன் வந்தே தீர வேண்டும் என்று பதினேழு பதினெட்டு வருடப் படிப்பு எனக்குள் பதிய வைத்திருந்தது. பலன் வராதபோது, உழைப்பு போதவில்லை அல்லது மூளை போதவில்லை என்ற இரண்டு காரணங்கள்தான் எனக்குத் தோன்றின. உழைப்பில் குறை இல்லை என்று எனக்கே தெரியும். அப்புறம் மிச்சம் இருப்பது என்ன?

முதல் வருட முடிவில் என் நெறியாளர் கொடுத்த வேலை எளிதாகத் தெரிந்தது. ஏற்கெனவே வெளியான ஒரு ஆய்வை அப்படியே மறுபடி செய்து பார்க்க வேண்டும். அது வந்ததும் அதன் மேல் எனது சொந்தக் கேள்வியைக் கட்டலாம். திரையில் ஒரு சொல்லைக் கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாகக் காட்டினால், அடுத்து வரும் முகத்தை மக்கள் மதிப்பிடும் விதம் மாறும் என்று அந்தக் கட்டுரை சொன்னது. ஒரு குழுவுக்கு 20 பேர், இரண்டு குழுக்கள். ஒரு பருவத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆட்களைச் சேர்த்து, உட்கார வைத்து, டேட்டா எடுத்துப் பார்த்தால் இரண்டு குழுக்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மறுபடி செய்தேன். இந்தத் தடவை வித்தியாசம் லேசாக எதிர்ப்பக்கம் போனது. அடுத்த தடவை சரியான பக்கம் வந்தது, ஆனால் வெறும் தற்செயல் இல்லை என்று ஒரு வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ள எங்கள் துறை வைத்திருக்கும் 0.05 என்ற வரம்பைத் தொடவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆள் பிடிப்பது, நேரம் ஒதுக்குவது, வராதவர்களுக்காகக் காத்திருப்பது என்று மாதங்கள் கரைந்தன.

இதற்கிடையில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், காரணம் பிறகு புரியும். அந்தக் கட்டுரையில் சொல்லைக் காட்டிய நேரம் 40 மில்லிசெகண்ட். நான் நிரலில் 40 என்று எழுதியிருந்தேன். ஆனால் எங்கள் லேப் மானிட்டர் நொடிக்கு 60 தடவைதான் திரையைப் புதுப்பிக்கும், அதாவது ஒரு தடவைக்கு 16.7 மில்லிசெகண்ட். ஆகவே அதில் ஒரு சொல்லைச் சுமார் 33 மில்லிசெகண்ட் காட்டலாம், அல்லது 50 காட்டலாம். நிரலில் என்ன எழுதினாலும் 40 காட்டவே முடியாது. பழைய ஆய்வில் நொடிக்கு 75 தடவை புதுப்பிக்கும் பழைய வகைக் குழாய் மானிட்டரைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் மூன்று தடவை என்றால் சரியாக 40. இதைக் கண்டுபிடிக்க எனக்கு வாரக்கணக்கில் ஆனது. திரையின் மூலையில் ஒரு ஒளி உணரியை ஒட்டி, ஒவ்வொரு சொல்லும் உண்மையில் எவ்வளவு நேரம் தெரிகிறது என்று அளந்து, 75க்கு மாற்றக்கூடிய மானிட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, நிரலை மாற்றி எழுதினேன். எல்லாவற்றையும் சரி செய்து ஓட்டியபோதும் விளைவு வரவில்லை. அதனால் அந்த வாரங்களை "வீணான நாட்கள்" என்ற கணக்கில் எழுதிவிட்டேன்.

அந்தக் காலத்தில் என் நடத்தை எப்படி மாறியது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சோம்பேறித்தனம் என்றே தோன்றும். நெறியாளரின் மெயில் வந்தால் உடனே திறக்க மாட்டேன். மாலை வரை தள்ளிப் போடுவேன். சந்திப்பு நாளுக்கு முந்தின இரவு தூக்கம் வராது. சந்திப்பில் அவர் "சரி, இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருந்தால், அந்த அமைதிக்கு நான் ஒரு பக்கம் உரை எழுதுவேன்: என்னைச் சேர்த்ததற்கு வருத்தப்படுகிறார், நாகரிகம் கருதிச் சொல்லாமல் இருக்கிறார் என்று. லேப்பில் கூட இருந்தவருக்குக் கட்டுரை வெளியானபோது சிரித்துக்கொண்டே வாழ்த்திவிட்டு, அன்று முழுவதும் ஒரு வரி வேலை செய்யவில்லை. கருத்தரங்கில் கேள்வி கேட்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அது நின்றுவிட்டது. எதையும் வாய்விட்டுக் கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்.

இந்த உணர்வுக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று ஒரு பெயர் இருப்பதாக எல்லோரும் சொல்வார்கள். 1978ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், நன்றாகச் சாதித்த பெண்கள் பலர் தங்களை உள்ளுக்குள் போலி என்று நினைத்துக்கொள்வதைப் பற்றி எழுதினார்கள். "உனக்கு அதுதான், நீ திறமையானவள், நம்பு" என்று நண்பர்கள் தேற்றினார்கள். எனக்கு அது சுத்தமாக உதவவில்லை. காரணம், உண்மையிலேயே எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எனக்குப் புள்ளியியல் அரைகுறை. எந்தச் சோதனையை எப்போது போடுவது என்பது மனப்பாடம், ஏன் போடுவது என்பது தெரியாது. திறமை இருந்தும் இல்லையென்று நினைப்பது ஒன்று, ஒரு குறிப்பிட்ட விஷயத்தை இன்னும் கற்காமல் இருப்பது வேறொன்று. இரண்டாவதுக்குத் தேறுதல் மருந்தாகாது, கற்றுக்கொள்வதுதான் மருந்து. உங்கள் தயக்கம் இதில் எந்த வகை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும்.

பணம் போன கதை இங்கேதான் வருகிறது. என் வேலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பேராசிரியர்கள் பார்க்கும் ஆய்வுக்குழுக் கூட்டம் நெருங்கியது. காட்டுவதற்குக் குழப்பமான டேட்டா மட்டும்தான் இருந்தது. ஆராய்ச்சி மாணவர்களின் டேட்டாவை அலசித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனம் கண்ணில் பட்டது. முன்பணம் கட்டினேன். பிறகு "கூடுதல் அலசல்" என்று இன்னொரு தொகை, "விளக்க அறிக்கை" என்று மற்றொன்று. கடைசியில் அட்டவணை அட்டவணையாக ஒரு பெரிய கோப்பு வந்தது. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் மூன்றாவது அட்டவணையைக் காட்டி, "இங்க ஏன் இந்தச் சோதனை போட்டீங்க? சிலரோட டேட்டாவை நீக்கியிருக்கீங்களே, எந்த அடிப்படையில?" என்று கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நீக்கியிருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிடம் அதற்கு முந்தைய எல்லா மாதங்களையும்விட என்னை அதிகமாக உடைத்தது.

இதில் நேர்மை சம்பந்தப்பட்ட கேள்வியும் இருக்கிறது. வெளியாள் அலசியதைச் சொல்லாமல் சமர்ப்பிப்பதைப் பல பல்கலைக்கழகங்கள் விதிமீறலாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தக் கூட்டம் முடிந்ததும் நெறியாளரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன், அந்தக் கோப்பும் அத்தோடு கிடப்பில் போனது. ஆனால் தன்னம்பிக்கைக் கணக்கிலும் இது முழு நஷ்டம். உதவி கேட்பதில் தவறே இல்லை. உதவுபவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு முடிவையும் ஏன் என்று கேட்க முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால் காசு கொடுத்தாலும் அது படிப்பு. கோப்பு மட்டும் வரும், ஆள் வர மாட்டார் என்றால் விலகிக்கொள்ளுங்கள். பல பல்கலைக்கழகங்களில் புள்ளியியல் ஆலோசனை இலவசமாகவே கிடைக்கிறது. எங்கள் வளாகத்திலும் இருந்தது. இரண்டு வருடமாக அந்த அறையைத் தாண்டித்தான் தினமும் நடந்திருக்கிறேன்.

குழுக் கூட்டத்துக்குப் பிறகு வேறு வழியில்லாமல் அங்கே போனேன். அந்தப் புள்ளியியலாளர் என் டேட்டாவைப் பார்க்கவே இல்லை. முதலில் இரண்டு கேள்வி கேட்டார்: எத்தனை பேர்? எவ்வளவு பெரிய விளைவை எதிர்பார்க்கிறீர்கள்? குழுவுக்கு 20 பேர் என்றேன். இரண்டாவது கேள்விக்கு நடுத்தர அளவு என்று சும்மா சொல்லி வைத்தேன். அவர் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சின்ன மென்பொருளில் எண்களைப் போட்டார். திரையில் 34 சதவீதம் என்று வந்தது. புள்ளியியலில் இதைப் பவர் என்பார்கள். விளைவு உண்மையிலேயே நடுத்தர அளவில் இருக்கிறது, நான் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்கிறேன் என்றே வைத்துக்கொண்டாலும், என் சோதனை அதைப் பிடிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். பகடையை உருட்டி ஒன்றோ இரண்டோ விழுந்தால் நான் கெட்டிக்காரி, மூன்று முதல் ஆறு வரை எது விழுந்தாலும் லாயக்கற்றவள் என்று என்னை நானே இத்தனை காலம் மதிப்பிட்டு வந்திருக்கிறேன். வழக்கமாக எதிர்பார்க்கும் 80 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் குழுவுக்கு 64 பேர் வேண்டும் என்று அடுத்த வரியில் காட்டினார்.

அவர் சொன்ன இன்னொன்று அதைவிட முக்கியம். குழுவுக்கு 20 பேர் மட்டும் வைத்து 0.05 வரம்பைத் தாண்ட வேண்டுமானால், கிடைக்கும் விளைவளவு, அதாவது குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று சொல்லும் எண், எப்படியும் 0.64க்கு மேல் இருந்தாக வேண்டும். நடுத்தர அளவு என்று நாங்கள் சொல்வது 0.5. ஆக, உண்மை 0.5 ஆகவே இருந்தாலும், அவ்வளவு சிறிய ஆய்வில் அது சரியாக 0.5 என்று தெரிந்தால் வரம்பைத் தாண்டாது. தற்செயலாக ஊதிப் பெரிதானவை மட்டும்தான் தாண்டும். தாண்டியவை மட்டும்தான் பெரும்பாலும் வெளியாகும். நான் ஒப்பிட்டுப் பார்த்துத் தலை குனிந்த கட்டுரைகளில் பல இப்படி வடிகட்டி வந்தவை. 2015ல் ஒரு பெரிய கூட்டு முயற்சியாக உளவியல் ஆய்வுகள் 100ஐ மறுபடி செய்து பார்த்தார்கள். மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் வரம்பைத் தாண்டிய முடிவுகள். மறுபடி செய்ததில் 36 சதவீதம்தான் தாண்டின. விளைவளவும் சராசரியாகப் பாதியாகக் குறைந்தது. அதைச் செய்தவர்கள் மாணவர்கள் மட்டும் இல்லை, அனுபவமுள்ள ஆராய்ச்சியாளர்கள். எனக்கு நிம்மதியும் கோபமும் ஒரே நேரத்தில் வந்தன. நிம்மதி எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. கோபம், இந்தப் பவர் கணக்கை யாரும் முதல் நாளே போட்டுப் பார்க்கச் சொல்லவில்லையே என்று. என் நெறியாளரும் போட்டுப் பார்த்ததில்லை. அவர் படித்த காலத்தில் 20 பேர் என்பதே வழக்கம்.

இதை எல்லாத் துறைக்கும் பொருந்தும்படி ஒரு வரியில் சொன்னால்: ஒரு வேலையில் தோற்றதை வைத்து உங்களை எடை போடுவதற்கு முன், அந்த வேலையில் ஜெயிப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கேளுங்கள். ஒரு வேதிவினை உங்கள் கையில் வரவில்லை என்றால், அதே வினை லேப்பில் மற்றவர்களுக்கு எத்தனை தடவைக்கு ஒரு தடவை வருகிறது? நீங்கள் அனுப்பிய ஆய்விதழ் நூறு கட்டுரைக்கு எத்தனையை ஏற்கிறது? ஆவணக் காப்பகத்தில் தேடியது கிடைக்கவில்லை என்றால், அது அங்கே இருப்பதாக யார் சொன்னது? இந்த அடிப்படை வாய்ப்பைத் தெரிந்துகொள்ளாமல் மனம் தளர்வது, எத்தனைக்கு எத்தனை என்று தெரியாமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அழுவதற்குச் சமம்.

அதன்பிறகுதான் ஆல்பர்ட் பண்டூராவை ஆற அமரப் படித்தேன். உளவியல் மாணவியான எனக்கு அவர் பெயர் புதிதில்லை. தேர்வுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977ல் வெளியான கட்டுரையில் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: நாமே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்றவர்கள் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், நம் உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. நான்கில் முதலாவதுதான் வலுவானது. தேர்வில் எழுதும்போது உறைக்காத ஒன்று இப்போது உறைத்தது. ஆராய்ச்சி மாணவருக்கு வறண்டு போவது அந்த முதல் ஊற்றுதான். "செய்து முடித்தேன்" என்று சொல்ல வருடக்கணக்கில் ஆகிறது, அதுவும் பாதி அதிர்ஷ்டத்தின் கையில். அப்படியானால் முடிவு எது என்பதை நாம்தான் சின்னதாக வெட்டிக்கொள்ள வேண்டும். விளைவு வந்ததா என்று கேட்டால் என் கணக்கில் பூஜ்யம். மானிட்டர் நேரத்தை அளந்து சரி செய்தாயா என்று கேட்டால், லேப்பில் அதுவரை யாருமே செய்யாததைச் செய்திருந்தேன். வீண் என்று எழுதிய அந்த வாரங்கள்தான் என்னுடைய உருப்படியான ஆராய்ச்சி வேலை.

பண்டூரா அழுத்திச் சொன்ன இன்னொரு விஷயம், இந்த நம்பிக்கை ஒட்டுமொத்தமாக ஒருவருக்கு இருப்பதோ இல்லாததோ கிடையாது, ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனி. ஆராய்ச்சித் தன்னம்பிக்கையை அளக்கும் வினாத்தாள்களும் அப்படித்தான் பிரித்துப் பிரித்துக் கேட்கின்றன. அதைப் பார்த்து நானே ஒரு தாள் போட்டேன். கட்டுரைகளைத் தேடிப் படித்து ஒழுங்குபடுத்துவது, கேள்வியைக் கூர்மையாக்குவது, சோதனையை வடிவமைப்பது, கருவி மற்றும் நிரல், ஆட்களை வைத்து நடத்துவது, டேட்டாவை அலசுவது, எழுதுவது, மேடையில் பேசுவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை. கேள்வி "நான் இதில் நல்லவளா" என்று இருக்கக் கூடாது. அப்படிக் கேட்டால் அன்றைய மனநிலைதான் பதில் சொல்லும். "நாளைக் காலை இந்த வேலையைக் கொடுத்தால் யார் உதவியும் இல்லாமல் முடிப்பேனா" என்று கேட்க வேண்டும். கருவியும் நிரலும் 85. படிப்பது 70. ஆட்களை வைத்து நடத்துவது 80. எழுதுவது 35. அலசுவது 20. தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த ஒற்றை 20, தாள் முழுவதற்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

20 என்று தெரிந்த பிறகு வேலை சுலபம். "தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்" என்றால் எங்கே தொடங்குவது? "டேட்டா அலசுவதில் 20ஐ 50 ஆக்கு" என்றால் வழி தெரிகிறது. விடை முன்பே தெரிந்த போலி டேட்டாவைக் கணினியில் நானே உருவாக்கி, அதை அலசி, நான் உள்ளே வைத்த விடை வெளியே வருகிறதா என்று பார்த்தேன். இதை யாருக்கும் பரிந்துரைப்பேன். அசல் டேட்டாவில் விடை வரவில்லை என்றால் தப்பு உங்களுடையதா, உலகமே அப்படியா என்று தெரியாது. போலி டேட்டாவில் தப்பு செய்தால் உடனே தெரியும், யாருக்கும் தெரியாமல் திருத்திக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு மாலை இதற்கென்று வைத்தேன். சில மாதங்களில், எந்தச் சோதனையை ஏன் போட்டேன் என்று கேட்டால் தடுமாறாமல் சொல்லும் நிலை வந்தது.

இரண்டாவது ஊற்று, பிறரைப் பார்ப்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது: லேப்பில் நாம் பார்ப்பது மற்றவர்களின் முடிந்த கட்டுரையை, நம்முடையதில் பார்ப்பது முடியாத குப்பையை. 2010ல் மெலனி ஸ்டெஃபான் என்ற ஆராய்ச்சியாளர் தோல்விகளை மட்டும் பட்டியலிடும் சுயவிவரம் ஒன்றை ஒவ்வொருவரும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். 2016ல் யோஹன்னஸ் ஹவுஸ்ஹோஃபர் என்ற பேராசிரியர் தன்னுடையதைப் பொதுவில் போட, அது பெரிதாகப் பரவியது. எனக்கு அவ்வளவு பிரபலமானவர்களின் தோல்வி அவ்வளவாக உதவவில்லை, உண்மையைச் சொன்னால். வென்ற பிறகு தோல்வியைச் சொல்வது எல்லோருக்கும் சுலபம். உதவியது, என்னைவிட ஒரே ஒரு வருடம் சீனியரான ஒருவர் "ரிவியூவர் எழுதினதைப் பாருங்க" என்று தன் திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரையின் கடிதத்தை முழுதாகக் காட்டியது. அதில் இருந்த ஒரு கேள்வி எனது ஆய்வுக்குழு கேட்டதேதான். அவர் அதற்கு எப்படிப் பதில் எழுதினார் என்பதையும் காட்டினார். உங்களுக்கு நூறு படி மேலே இருப்பவரைத் தேடாதீர்கள். ஒரு படி மேலே இருப்பவரிடம் போய் "முதல் வரைவைக் காட்டுவீர்களா" என்று கேளுங்கள். முடிந்ததைக் காட்டச் சொன்னால் மறுபடியும் பழைய கதைதான்.

மூன்றாவது, ஊக்கச் சொல். பொதுவான பாராட்டு எனக்கு ஒருபோதும் ஒட்டவில்லை. நெறியாளரிடம் கேட்கும் விதத்தை மாற்றினேன். முன்பெல்லாம் "எப்படிப் போகுது சார்னு நினைக்கிறீங்க" என்று இழுப்பேன், அவர் "பரவாயில்ல" என்பார், நான் அந்தப் "பரவாயில்ல"வை ஒரு வாரம் மென்றுகொண்டிருப்பேன். இப்போது "இந்த இரண்டாவது பத்தியில் வாதம் நிற்கிறதா, இல்லை இன்னொரு சான்று வேண்டுமா" என்று கேட்பேன். அதற்கு அவரால் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தது. நல்ல பதில்களும் நிறைய வந்தன, அவை நம்பும்படியும் இருந்தன. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பேசி முடிவானதை நாலு வரியில் மெயில் அனுப்புவதையும் வழக்கமாக்கினேன். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் வேலை பாதி குறைந்தது. வெகு நாட்கள் கழித்து, அந்த அமைதிகளைப் பற்றி நானே கேட்டேன். "யோசிச்சிட்டு இருந்தேம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். நான் எழுதிய உரைகள் எல்லாம் பாழ்.

நான்காவதில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. சந்திப்புக்கு முன் நெஞ்சு படபடத்தால் அது பயத்தின் அறிகுறி, திறமையின்மையின் அறிகுறி இல்லை என்று எழுதிப் படித்தாலே கொஞ்சம் அடங்குகிறது. ஆனால் ஒரு எல்லைக்கு மேல் இது தன்னம்பிக்கை விஷயமே கிடையாது. 2018ல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த ஒரு கணக்கெடுப்பில், 26 நாடுகளிலிருந்து பதில் சொன்ன 2,279 பேர், பெரும்பாலும் பிஎச்டி மாணவர்கள். மனச்சோர்வும் பதற்றமும் அவர்களிடம் பொதுமக்களைவிட ஆறு மடங்குக்கும் மேல் தெரிந்தது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் நிரப்பிய கணக்கெடுப்பு என்பதால் அந்த ஆறை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் பிரச்சினை பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, பசி இல்லை, காலையில் எழவே பிடிக்கவில்லை என்றால் 0 முதல் 100 தாளை மூடி வைத்துவிட்டு மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். நானும் சில மாதம் போனேன்.

விட்டுவிட்டுப் போகலாமா என்ற யோசனையும் வந்தது. விலகுவதற்கான படிவத்தை நிரப்பிக்கூட வைத்திருந்தேன். விலகுவது கேவலம் ஒன்றும் இல்லை. நல்ல காரணத்தோடு விலகி நன்றாக இருப்பவர்களைத் தெரியும். எனக்கு உதவிய கேள்வி இது: ரிசல்ட் எதுவும் வராத ஒரு சாதாரண நாளில், நான் செய்த வேலைகளில் எதையாவது கூலி இல்லாமலும் செய்வேனா? ஒளி உணரியை ஒட்டி அளந்த அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. படிவத்தை நீக்கினேன். அந்தக் கேள்விக்கு "எதுவும் இல்லை" என்பது மாதக்கணக்கில் பதிலாக இருந்தால், அதையும் மதிக்கத்தான் வேண்டும்.

ஆய்வு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இன்னொரு லேப்பும் சேர்ந்துகொண்டது. குழுவுக்கு 150 பேருக்கு மேல் எடுத்தோம். எதை எப்படி அலசப் போகிறோம், யாருடைய டேட்டாவை எந்த அடிப்படையில் நீக்குவோம் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துவிட்டுத்தான் தொடங்கினோம். விளைவு ஏறக்குறைய பூஜ்யம். இந்தத் தடவை அந்தப் பூஜ்யத்தை நான் நம்பினேன், குழுவும் நம்பியது. அது ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம். கட்டுரையை ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பியது, இன்னொன்று திருத்தம் கேட்டிருக்கிறது. திருத்தத்தில் பாதி, முடிவுகளை விவாதிக்கும் பகுதியைத் திரும்ப எழுதச் சொல்கிறது. என் தாளில் எழுதுவது இன்னும் 45ஐத் தாண்டவில்லை. அந்தச் சீனியர் முதல் வரைவைப் படித்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று பத்தியாவது அவருக்கு அனுப்ப வேண்டும்.